நிழலை வச்சு பொருளை மீட்கிற கணக்கு: ராம்-லாக் ஃபில்டர்னா யாரு பேரு அது?

நெல்லை_செல்வி
ராத்திரி 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் 14 வருஷமா சிடி ஸ்கேன் டெக்னாலஜிஸ்ட். தம்பி எம்எஸ்சி பிசிக்ஸ் கடைசி வருஷம் படிக்கான். நேத்து ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து பாத்தா லேப்டாப்ல தலை மாதிரி ஒரு நீள்வட்டப் படம், அதை 180 கோணத்துல நிழலா மாத்தி, அந்த நிழலை மட்டும் வச்சு திரும்ப படத்தை வரவழைச்சுட்டு இருந்தான். அட இது எங்க மெஷின் பண்ற வேலைதானடான்னு பக்கத்துல உக்காந்துட்டேன். மேட்லாப்ல (கணக்கு போடுற ஒரு மென்பொருள்) அந்த திரும்ப வரவழைக்கிற கட்டளைல ஃபில்டர் எதுன்னு நாம சொல்லலைனா அதுவா எடுத்துக்கிற ஃபில்டர் பேரு "ராம்-லாக்"காம். யாரு இந்த ராம், யாரு லாக்னு கேட்டா அவனுக்கும் தெரியல.

நம்ம ஊர் பேரு மாதிரி இருக்கேன்னு மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இன்னொண்ணும் இருக்கு. தம்பிக்கு கணித இயற்பியல்ல பிஎச்டி பண்ணணும்னு ஆசை, வீட்ல அப்பா "அண்டம் எப்படி பொறந்துச்சுன்னு கணக்கு போட்டு யாருக்குடா லாபம்"னு கேட்டுட்டு இருக்காரு. நான் அவன் பக்கம் பேசணும்னு நினைக்கேன், ஆனா என்ன சொல்லணும்னு தெரியல.


கணக்கு_வாத்தி
ராத்திரி 10.05

செல்வி மேடம், உங்க ஊகம் சரிதான். ராம் என்பது ஜி.என். ராமச்சந்திரன், லாக் என்பது ஏ.வி. லட்சுமிநாராயணன். ராமச்சந்திரன் 1922ல எர்ணாகுளத்துல ஒரு தமிழ்க் குடும்பத்துல பொறந்தவரு, 1952ல இருந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத்துல இயற்பியல் துறைத் தலைவரா இருந்தாரு, அப்புறம் பெங்களூர் ஐஐஎஸ்சி போயி மாலிக்யுலர் பயோஃபிசிக்ஸ் துறையை உண்டாக்கினாரு. கொலாஜன் புரதம் மூணு இழை முறுக்குன்னு 1954ல சொன்னவரும் இவர்தான், புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும்னு காட்டுற, பயாலஜி பசங்க எல்லாரும் படிக்கிற ராமச்சந்திரன் பிளாட்டும் (1963) இவரோடதுதான். 2001ல சென்னைல காலமானாரு.

நீங்க சொல்ற ஃபில்டர் 1971ல இவங்க ரெண்டு பேரும் அமெரிக்க அறிவியல் அகாடமி இதழ்ல எழுதின கட்டுரைல வந்தது. அதே வருஷம் ராமச்சந்திரன் இந்திய அகாடமி இதழ்லயும் இதைப்பத்தி தனியா எழுதினாரு. அதோட தலைப்பை தமிழ்ல சொன்னா "நிழலிலிருந்து பொருளை மீட்டமைத்தல்". கணக்குக் கட்டுரைக்கு இவ்வளவு அழகான தலைப்பை நான் அதிகம் பாத்ததில்ல.


வெற்றி_திருச்சி
ராத்திரி 10.20

அப்போ சிடி ஸ்கேனையே கண்டுபிடிச்சது நம்ம ஆளு!! நோபல் மட்டும் வெள்ளைக்காரன் வாங்கிட்டுப் போயிட்டான். இதை எந்த பாடப் புத்தகத்துலயும் போட மாட்டாங்க. எல்லாரும் ஷேர் பண்ணுங்க.


கணக்கு_வாத்தி
ராத்திரி 10.48

வெற்றி தம்பி, பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், ஆனா இல்லாததைச் சேத்து சொன்னா இருக்கிற பெருமையும் போயிடும். நடந்தது இதுதான்.

ஒரு பொருளுக்கு எல்லாத் திசைலயும் நிழல் தெரிஞ்சா பொருளையே கண்டுபிடிக்கலாம்னு முதல்ல நிரூபிச்சது யோஹான் ராடோன்னு ஒரு ஆஸ்திரியக் கணிதக்காரரு, 1917ல, முதல் உலகப்போர் நடந்துட்டு இருக்கும்போது. எந்த உபயோகத்துக்காகவும் எழுதல, கணக்கு அழகா இருந்துச்சு எழுதினாரு. 1956ல இறந்துட்டாரு, ஸ்கேன் மெஷினைப் பாக்கவே இல்ல.

மெஷினைக் கட்டினது காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, இங்கிலாந்துல இஎம்ஐ கம்பெனி எஞ்சினியரு, பிஎச்டி கூட கிடையாது. லண்டன் பக்கத்துல விம்பிள்டன்ல ஒரு ஆஸ்பத்திரில 1971 அக்டோபர் 1ஆம் தேதி முதல் நோயாளிக்கு தலை ஸ்கேன் எடுத்தாங்க. ராமச்சந்திரன் கட்டுரை வந்ததும் அதே சமயத்துலதான், ஹவுன்ஸ்ஃபீல்டு அந்தக் கணக்கைப் பாத்து மெஷின் செய்யல, அவரு வேற வழில, மதிப்பைப் போட்டு போட்டு திருத்திக்கிட்டே போற முறைல படம் எடுத்தாரு. ஆய்வகத்துல முதல்முறை செஞ்சப்ப ஒரே ஒரு பொருளை ஸ்கேன் பண்ண 9 நாள், அப்புறம் பெரிய கம்ப்யூட்டர்ல ரெண்டரை மணி நேரம் கணக்கு.

அந்த இடத்துலதான் ராம்-லாக் முக்கியம். அதுவரைக்கும் இந்த வேலையை ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம் (எதையும் அலைகளா பிரிச்சுப் பாக்கிற கணக்கு) வழியா செய்யணும்னா அன்னைக்கு இருந்த கம்ப்யூட்டருக்கு ரொம்ப பாரம். இவங்க அதை வெறும் பெருக்கல் கூட்டலா மாத்திட்டாங்க. ஒவ்வொரு கோணத்துக்கும் நிழல் வர வர அப்பப்ப கணக்கை முடிச்சுட்டு போயிட்டே இருக்கலாம், எல்லா கோணமும் வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஸ்கேன் முடிஞ்ச உடனே படம் வந்ததுக்கு இந்த வகைக் கணக்குதான் காரணம்.

அதுலயும் இவங்க முதல் ஆளு இல்ல. ரொனால்ட் பிரேஸ்வெல்னு ஒரு ஆஸ்திரேலியரு, ஸ்டான்ஃபோர்டுல இருந்தவரு, ரிடில்ங்கிறவரோட சேந்து 1967லயே இதே முறையை வானொலி வானியலுக்காக எழுதிட்டாரு. ராமச்சந்திரன் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப், எக்ஸ்ரே பக்கம் இருந்து தனியா அங்க போய்ச் சேந்தாரு. ரெண்டு பேரும் வேற வேற வாசல் வழியா ஒரே வீட்டுக்குள்ள நுழைஞ்சிருக்காங்க.


பாசிட்ரான்
ராத்திரி 11.15

வாத்தி சார் ஒருத்தரை விட்டுட்டீங்க. ஹவுன்ஸ்ஃபீல்டோட 1979 நோபலைப் பகிர்ந்துகிட்டவரு ஆலன் கோர்மாக். ஜோகன்னஸ்பர்க்ல பொறந்தவரு, கேப்டவுன் பல்கலைக்கழகத்துல வாத்தியாரு. அங்க க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரில இருந்த இயற்பியல்காரரு வேலையை விட்டுப் போயிட்டாரு. ரேடியோ ஐசோடோப்பு பயன்படுத்தினா மேற்பார்வைக்கு ஒரு இயற்பியல்காரர் இருந்தே ஆகணும்னு சட்டம். அதனால 1956ல கோர்மாக்கை வாரத்துக்கு ஒன்றரை நாள் வாங்கன்னு கூப்பிட்டாங்க. அங்க கேன்சர் சிகிச்சைக்கு டோஸ் கணக்கு போடும்போது உடம்பு முழுக்க ஒரே மாதிரி பொருள்னு வச்சுகிட்டு கணக்கு போடுறதைப் பாத்தாரு. எலும்பு வேற, நுரையீரல் வேற, இது எப்படி சரியாகும்னு யோசிச்சதுதான் ஆரம்பம்.

அவரு செஞ்ச முதல் சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. நடுவுல அலுமினிய வட்டு, சுத்தி மர வளையம், ஒரு பக்கம் கோபால்ட்-60, மறுபக்கம் கைகர் கவுன்டர். கணக்கு போட்டுப் பாத்தா அலுமினியத்தோட மதிப்பு நடுவுல மட்டும் கொஞ்சம் குறையுது. கணக்குல தப்பா, அளவுல தப்பான்னு தேடிப் பாத்துட்டு கடைசில வட்டைக் கடைஞ்ச பட்டறைல போய்க் கேட்டிருக்காரு. அவங்க நடுவுல வேற அலுமினியத்துல ஒரு சின்ன முளை வச்சிருந்தாங்களாம்! வெளிய இருந்து பாத்தா தெரியாத முளையை கணக்கு காட்டிக் குடுத்துருச்சு.

1963லயும் 1964லயும் கட்டுரை போட்டாரு, கிட்டத்தட்ட யாருமே கண்டுக்கல. பிரதி கேட்டு வந்த கடிதங்கள்ல சுவாரசியமானது சுவிட்சர்லாந்துல பனிச்சரிவு ஆராய்ச்சி பண்றவங்ககிட்ட இருந்து வந்ததுன்னு நோபல் உரைலயே சொல்லிருக்காரு. ராடோன் 1917லயே இதை முடிச்சுட்டாருங்கிறது கோர்மாக்குக்கு பல வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சிருக்கு.


நெல்லை_செல்வி
காலை 6.10

ராத்திரி தூங்கிட்டேன், காலைல எந்திரிச்சுப் பாத்தா இவ்வளவு. எல்லாருக்கும் நன்றி. அந்த முளை கதையைப் படிச்சுட்டு உடம்பு சிலிர்த்துருச்சு, ஏன்னா தினமும் நாங்க பண்றது அதுதான், வெளிய தெரியாத முளையைத் தேடுறது.

ஒரு சந்தேகம். நாங்க ஒரே ஸ்கேன் டேட்டாவை வயித்துக்கு சாஃப்ட் கெர்னல் (படமாக்கும்போது மெஷின்ல தேர்ந்தெடுக்கிற கணக்கு முறை) போட்டும் காது எலும்புக்கு ஷார்ப் கெர்னல் போட்டும் படமாக்குவோம். ஷார்ப் போட்டா விளிம்பு எல்லாம் கத்தி மாதிரி வரும், ஆனா படம் பூரா மணல் தூவின மாதிரி ஆயிடும். இந்த கெர்னலும் ராம்-லாக்கும் ஒண்ணுதானா? மணல் எங்க இருந்து வருது?


கணக்கு_வாத்தி
காலை 7.30

ஒரே குடும்பம் மேடம். ஸ்கூலுக்குக் கிளம்புறதுக்குள்ள எழுதிடுறேன்.

ஒரு கோணத்துல எடுத்த நிழலை எடுத்துக்கோங்க. அந்தக் கோட்டுல எங்க தடுத்துச்சுன்னு தெரியாது, மொத்தம் எவ்வளவு தடுத்துச்சுன்னு மட்டும் தெரியும். அதனால அந்த மதிப்பை கோடு முழுக்க சமமா பூசிடுவோம், சுவத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. எல்லாக் கோணத்துலயும் இப்படிப் பூசினா பொருள் இருக்கிற இடத்துல பூச்சு மேல பூச்சு விழுந்து கெட்டியா தெரியும். ஆனா சுத்தியும் ஒரு மங்கல் வட்டம் நிக்கும், ஏன்னா ஒவ்வொரு பூச்சும் வழில இருக்கிற எல்லாத்து மேலயும் கொஞ்சம் விழுந்துருக்கு. அந்த மங்கலை எடுக்க, பூசுறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு நிழலையும் திருத்தணும்: நடுவுல கூட்டு, பக்கத்துல கழி. அந்தக் கழித்தல்தான் பின்னாடி வர்ற மங்கலைத் தின்னும்.

ராம்-லாக் சொல்ற எண்கள் (ரெண்டு அளவுக்கு நடுவுல உள்ள தூரத்தை 1னு வச்சுக்கிட்டா): நடுவுல 1/4. அதுல இருந்து ரெண்டு, நாலு, ஆறுன்னு இரட்டைப்படை தூரத்துல எல்லாம் பூஜ்யம். ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஒற்றைப்படை தூரத்துல, தூரத்தை வர்க்கம் பண்ணி பை வர்க்கத்தால பெருக்கி ஒண்ணுக்குக் கீழ போட்டு மைனஸ் போட்டுக்கணும். அவ்வளவுதான் மொத்த ஃபில்டரும்.

இப்ப மணல். இந்த ஃபில்டர் படத்துல வேகமா மாறுற விஷயங்களை, அதாவது விளிம்புகளை, மாற்றம் எவ்வளவு வேகமோ அவ்வளவு தூக்கி விடும். ஆனா எக்ஸ்ரே ஃபோட்டான் எண்ணிக்கைல வர்ற தற்செயல் ஏற்ற இறக்கமும் வேகமா மாறுறதுதான், அதையும் சேத்துத் தூக்கி விட்டுரும். அது விளிம்பு, இது இரைச்சல்னு ஃபில்டருக்கு பிரிச்சுத் தெரியாது. சாஃப்ட் கெர்னல்னா அந்த மேல் நுனியை மழுக்கி விடுறது. ஷார்ப்னா மழுக்காம விடுறது, சில சமயம் இன்னும் தூக்குறது. டோஸைக் கூட்டினா மணல் குறையும், ஆனா வர்க்கமூல விதி, மணலை பாதியாக்க நாலு மடங்கு ஃபோட்டான் வேணும், அந்த நாலு மடங்கும் நோயாளி உடம்பு வழியாத்தான் போகணும்.


முத்தொரை_மூடுபனி
காலை 11.20

இந்த இழையை என் மகன் அனுப்பி விட்டான். நான் ஊட்டிக்காரன், ரிட்டயர்டு ஆளு. பிரேஸ்வெல் பேரைப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல, ஏன்னா இந்தக் கதையோட இன்னொரு பாதி எங்க மலைல இருக்கு, செல்வி அம்மா அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதுலயே கிடைக்கும்னு நினைக்கிறேன்.

ஊட்டில இருந்து கொஞ்ச தூரத்துல முத்தொரைனு ஊரு. அங்க மலைச்சரிவுல 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துல ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கு. கிண்ணம் மாதிரி இருக்காது, நீளமா நெடுக்கப் பிளந்த குழாய் மாதிரி இருக்கும், முகப்பு பூரா மெல்லிய எஃகுக் கம்பிகள். 1970ல இருந்து வேலை செய்யுது. டாடா இன்ஸ்டிட்யூட் ஆளுங்க கட்டினது, தலைமை தாங்கினவரு கோவிந்த் ஸ்வரூப். அந்த ஸ்வரூப் பிஎச்டி பண்ணது யாருகிட்ட தெரியுமா? ஸ்டான்ஃபோர்டுல, இதே பிரேஸ்வெல்கிட்ட!

ஏன் மலைச்சரிவு? எங்க அட்சரேகை சுமார் 11 டிகிரி. வடக்கு தெக்கா 11 டிகிரி சாயுற சரிவு கிடைச்சா அது மேல நீட்டமா வைக்கிற தொலைநோக்கியோட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா நிக்கும். அப்புறம் ஒரே ஒரு அச்சுல உருட்டினா போதும், மணிக்கணக்கா ஒரே பொருளைத் தொடர்ந்து பாத்துட்டே இருக்கலாம். இவ்வளவு பெருசை ரெண்டு அச்சுல திருப்புறதுன்னா அன்னைக்கு நம்ம நாட்டால முடியுற செலவில்ல. மலையே பாதி வேலையைச் செஞ்சு குடுத்துச்சு.

எதுக்காகக் கட்டினாங்கன்னு சொன்னாதான் உங்க ஸ்கேனோட தொடர்பு தெரியும். அந்தக் காலத்து ரேடியோ தொலைநோக்கியால தூரத்து ரேடியோ மூலங்களோட உருவத்தைப் பாக்க முடியாது, எல்லாம் பொத்தாம்பொதுவா ஒரு திட்டு. அதுக்கு நிலாவைப் பயன்படுத்தினாங்க. நிலா வானத்துல நகரும்போது அதோட ஓரம் ஒரு மூலத்தை மெல்ல மெல்ல மறைக்கும், ஒரு நொடிக்கு சுமார் அரை ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட்னா ஒரு டிகிரில 3600ல ஒரு பங்கு) வேகத்துல. சிக்னல் ஒரேயடியா விழாது, ஒவ்வொரு கணமும் எவ்வளவு விழுதோ அது அந்த ஓரத்துக்கு நேரா இருக்கிற ஒரு மெல்லிய பட்டையோட மொத்த வெளிச்சம். ஒரு பட்டையோட மொத்தம்! செல்வி அம்மா, உங்க டிடெக்டர்ல ஒரு கட்டம் அளக்குறதும் ஒரு கோட்டோட மொத்தம்தான். மறையும்போது ஒரு கோணம், மறுபக்கம் வெளிய வரும்போது இன்னொரு கோணம், அடுத்த மாசம் நிலா வேற பாதைல வந்தா மூணாவது கோணம். உங்க மெஷின்ல கான்ட்ரி (எக்ஸ்ரே குழாயும் டிடெக்டரும் இருக்கிற வளையம்) நோயாளியைச் சுத்தி வர்ற மாதிரி இங்க நிலா சுத்தி வந்து நிழல் குடுத்துச்சு. நிலா ஓரத்துல அலை வளைஞ்சு வர்றதால அதுக்கு ஒரு திருத்தம் வேணும், அதை ஷாயர்ங்கிறவரு 1962ல கணக்கு போட்டுக் குடுத்திருந்தாரு.

இப்படி ஊட்டில நூத்துக்கணக்கான மூலங்களை அளந்தாங்க. அன்னைக்கு பிரபஞ்சவியல்ல பெரிய சண்டை. அண்டம் என்னைக்கும் ஒரே மாதிரிதான் இருக்குன்னு ஒரு கட்சி, பெருவெடிப்புல ஆரம்பிச்சு மாறிட்டே வருதுன்னு ஒரு கட்சி. 1965லயே பென்சியாஸும் வில்சனும் பெருவெடிப்போட மிச்சமான பின்புல நுண்ணலையைக் கண்டுபிடிச்சாச்சு, ஆனாலும் சண்டை முழுசா ஓயல. ஸ்வரூப்பும் கபாஹியும் 1975ல ஊட்டி அளவுகளை வச்சு, மங்கலான மூலங்களுக்குப் போகப் போக அதுங்களோட கோண அளவு எப்படிக் குறையுதுன்னு காட்டினாங்க. அது பொருந்தணும்னா பழைய காலத்து ரேடியோ விண்மீன் மண்டலங்கள் இன்னைக்கு இருக்கிற மாதிரி இருந்திருக்கக் கூடாது, காலத்தோட மாறியிருக்கணும். மாறாத அண்டம்னு சொன்ன கட்சிக்கு அது ஒரு அடி.

பனி விழுற மலைல நின்னுகிட்டு நிலா நிழலை அளந்து அண்டத்துக்கு வயசு உண்டுன்னு சொன்னாங்க. ஸ்வரூப் 2020ல மறைஞ்சாரு. அந்தத் தொலைநோக்கி இன்னைக்கும் ஓடுது.


நெல்லை_செல்வி
மதியம் 1.45

ஐயா, சாப்பாட்டு நேரத்துல படிச்சேன், சோறு ஆறிப் போச்சு. ஊட்டிக்கு ரெண்டு தடவை போயிருக்கேன், பூங்கா பாத்துட்டு வந்திருக்கேன், இது ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லல. பிரேஸ்வெல் கணக்கு ஒரு பக்கம் ஸ்கேனுக்கும் இன்னொரு பக்கம் அவரோட மாணவர் வழியா ஊட்டி மலைக்கும் வந்திருக்குன்னு இன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட அப்படியே சொல்லப் போறேன்.


சிலிக்கான்_சித்தன்
மதியம் 3.30

கணக்கு பத்தியே பேசுறீங்க, டிடெக்டர் பத்தியும் கொஞ்சம் பேசுவோம். கதிர் டிடெக்டர் சிப்புகளோட வேலை செய்றவன் நான்.

இப்ப பெரும்பாலான சிடில இருக்கிறது என்னன்னா, எக்ஸ்ரே வந்து ஒரு பளிச்சிடும் பீங்கான் மேல விழும், அது வெளிச்சமா மாறும், கீழ ஒரு ஃபோட்டோடையோடு அந்த வெளிச்சத்தை எல்லாம் சேத்து ஒரே மின்னோட்டமா குடுக்கும். உண்டியல்ல போட்ட சில்லறையை எண்ணாம எடை மட்டும் போட்டுப் பாக்கிற மாதிரி. எத்தனை காசு, எது அஞ்சு ரூபா எது ஒரு ரூபான்னு தெரியாது. அதோட எலெக்ட்ரானிக்ஸ் இரைச்சலும் அந்த எடைலயே கலந்துடும், குண்டா இருக்கிற நோயாளிக்கு ஃபோட்டான் கம்மியா வரும்போது அதுதான் படத்தைக் கெடுக்கும்.

ஃபோட்டான் எண்ணும் சிடில பீங்கான் கிடையாது. காட்மியம் டெல்லுரைடு படிகம், எக்ஸ்ரே விழுந்தா நேரா மின்னூட்டமாவே மாறும். ஒவ்வொரு ஃபோட்டானும் தனித்தனி துடிப்பு, துடிப்போட உயரம் அதோட ஆற்றல். ஒரு வாசல் உயரம் வச்சு அதுக்குக் கீழ வர்றதை எண்ணாம விட்டா எலெக்ட்ரானிக்ஸ் இரைச்சல் கிட்டத்தட்ட வெளியவே நின்னுடும். ரெண்டு மூணு வாசல் வச்சா நிறம் மாதிரி பிரிச்சுப் பாக்கலாம். அயோடின் 33.2 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்ல திடீர்னு அதிகம் உறிஞ்சும், கடோலினியம் 50.2ல. எங்க குதிக்குதுன்னு பாத்தா இது கான்ட்ராஸ்ட் மருந்து, இது கால்சியம்னு தனியா எடுக்க முடியும்.

இந்த எண்ணும் சிப்புகள்ல ஒரு முக்கியமான குடும்பம் செர்ன்ல (ஐரோப்பாவோட துகள் இயற்பியல் ஆய்வகம்) வளர்ந்தது. அங்க துகள் மோதல்ல ஒவ்வொரு துகளும் எந்தக் கட்டத்து வழியா போச்சுன்னு பாக்க ஹைப்ரிட் பிக்சல் டிடெக்டர் செஞ்சாங்க, இதையே மருத்துவத்துக்கும் கொண்டு போகலாம்னு வந்ததுதான் மெடிபிக்ஸ். மெடிபிக்ஸ்-3ல 256க்கு 256 கட்டம், ஒரு கட்டம் 55 மைக்ரான். அவ்வளவு சின்ன கட்டத்துல ஒரே ஃபோட்டானோட மின்னூட்டம் பக்கத்துக் கட்டத்துக்கும் சிந்திடும், ஒரு பெரிய ஃபோட்டானை ரெண்டு சின்னதுன்னு தப்பா எண்ணிடும். அதைத் தடுக்க பக்கத்துக் கட்டங்கள் தங்களுக்குள்ள பேசி சிந்தினதைக் கூட்டி ஒரே ஆளுக்கு குடுக்கிற சர்க்யூட் உள்ளயே இருக்கு. நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச் குழு ஒண்ணு இந்த சிப்பை வச்சு 2018ல உயிரோட இருக்கிற மனுஷனோட கலர் முப்பரிமாண எக்ஸ்ரே எடுத்தாங்க. ஆஸ்பத்திரிக்கு முழு உடம்பு சிடியா வந்தது சீமென்ஸ் மெஷின், அமெரிக்க எஃப்டிஏ 2021 செப்டம்பர்ல அனுமதி குடுத்துச்சு.

கஷ்டம் என்னன்னா சிடி குழாய்ல இருந்து வர்ற வெள்ளம். ஒரு சதுர மில்லிமீட்டர்ல ஒரு நொடிக்குக் கோடிக்கணக்குல ஃபோட்டான். ரெண்டு துடிப்பு ஒட்டிகிட்டு வந்தா ஒண்ணா எண்ணிடும். பல வருஷம் அதுல போயிருக்கு.


ஜிஎச்_டாக்டர்
மாலை 6.00

எல்லாம் நல்லா இருக்கு. ஆனா நான் ஒரு கசப்பான விஷயம் சொல்லணும். நான் வேலை பாக்கிற இடத்துல தலைல அடிபட்டு வர்றவங்களுக்கு ராத்திரில சிடி எடுக்கணும்னா சில நாள் மெஷின் வேலை செய்யாது, பக்கத்து ஊருக்கு அனுப்பணும். அந்த ஒரு மணி நேரத்துல மூளைக்குள்ள ரத்தம் கட்டி கை விட்டுப் போனவங்களை நான் பாத்திருக்கேன். என் நோயாளிக்குத் தேவை கலர் சிடி இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடுற ஒரு சாதாரண மெஷின். காட்மியம் டெல்லுரைடு பத்தி சந்தோஷமா பேசும்போது இதையும் நினைச்சுக்கோங்க.


சிலிக்கான்_சித்தன்
மாலை 6.40

டாக்டர் சார், நீங்க சொல்றதுல மறுக்க ஒண்ணுமில்ல. எனக்கு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு போட்டியா தெரியல, அதை மட்டும் சொல்லிக்கிறேன். ஹவுன்ஸ்ஃபீல்டோட முதல் மெஷின் தலையை மட்டும்தான் எடுக்கும், படம் 80க்கு 80 கட்டம், ஒரு ஸ்லைஸுக்கு 28,800 அளவு, அன்னைக்கு அதுவே பணக்கார ஆஸ்பத்திரி சமாச்சாரம். இன்னைக்கு நீங்க சாதாரண மெஷின்னு சொல்றது அதுக்கு எத்தனையோ தலைமுறை தாண்டினது. இன்னைக்கு கலர் சிடில கத்துக்கிற குறைஞ்ச டோஸ் வித்தை நாளைக்கு உங்க ஊர் மெஷினுக்கு வரும். ஆனா மெஷின் ஓடுறதுக்கு ஆளும் பராமரிப்பும் வேணும்ங்கிறது எங்க சிப்பால தீர்ற பிரச்சனை இல்ல, அதுக்கு வேற சண்டை போடணும், அந்த சண்டைல நான் உங்க பக்கம்தான்.


நெல்லை_செல்வி
மாலை 7.15

டாக்டர் சொல்றது ரொம்ப உண்மை. நானும் ராத்திரி மெஷின் நின்னு போன நாளை எல்லாம் பாத்தவ. யாருகிட்ட போன் பண்றதுன்னு தெரியாம கையப் பிசைஞ்சுகிட்டு நின்னிருக்கேன், ஸ்ட்ரெச்சர் பக்கத்துல அவங்க வீட்டம்மா என் முகத்தையே பாத்துட்டு நிப்பாங்க. அந்தப் பார்வை மறக்காது. அதனாலதான் தம்பி இந்தப் பக்கம் வரணும்னு நினைக்கேன் சார், வேண்டாம்னு இல்ல.


பாசிட்ரான்
ராத்திரி 8.30

நிழல் விஷயத்துல இன்னொண்ணு. 2015 செப்டம்பர் 28ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டால இருந்து போன ஆஸ்ட்ரோசாட்ல (நம்ம நாட்டோட வானியல் செயற்கைக்கோள்) ஒரு கருவி, காட்மியம் ஜிங்க் டெல்லுரைடு டிடெக்டர், 64 தட்டு, மொத்தம் 16,384 கட்டம். இதே படிகம்தான் இதயத்துக்கு ஸ்பெக்ட் (உடம்புக்குள்ள செலுத்தின கதிரியக்க மருந்தை வச்சு எடுக்கிற ஸ்கேன்) எடுக்கிற புது காமா கேமராவிலயும் இருக்கு. இந்த ஆற்றல் எக்ஸ்ரேவை சாதாரண லென்ஸ் வச்சு குவிக்க முடியாது, அதனால மேல ஓட்டை ஓட்டையா ஒரு தகடு வச்சுட்டாங்க. வானத்துல எங்க இருந்து எக்ஸ்ரே வருதோ அதைப் பொறுத்து அந்தத் தகட்டோட நிழல் டிடெக்டர்ல நகந்து விழும், நிழலைப் பாத்து மூலம் எந்த இடத்துல இருக்குன்னு கணக்கு போடணும். மறுபடியும் ராமச்சந்திரன் தலைப்புதான்.


மேட்சயின்ஸ்_மாணவி
ராத்திரி 9.50

செல்வி அக்கா, நான் கணித இயற்பியல்ல ஆராய்ச்சி மாணவி. உங்க தம்பிக்காக எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

ராடோன் நிரூபிச்சது எல்லாக் கோணமும் இருந்தா பொருள் ஒண்ணே ஒண்ணுதான்னு. எல்லாக் கோணமும்னா எண்ணிக்கையே இல்லாத கோணம். நிஜத்துல ஆயிரம் கோணம்தான் எடுக்க முடியும். ஆயிரமா இருந்தாலும் லட்சமா இருந்தாலும், எண்ணி முடியுற கோணம்னா, அந்த எல்லாக் கோணத்துலயும் நிழலே விழாத உருவம் ஒண்ணு இருக்கத்தான் செய்யும், அதைப் பேய் உருவம்னே சொல்வோம். அது உங்க படத்துல ஒளிஞ்சிருந்தாலும் அளவுல தெரியாது. ஸ்கேன் ஏன் இருந்தும் வேலை செய்யுதுன்னா, கோணம் நிறைய இருந்தா அந்தப் பேய்கள் எல்லாம் ரொம்ப நுணுக்கமான வரிவரியான உருவமாத்தான் இருக்க முடியும், உடம்புல அப்படி எதுவும் இருக்காது. அதாவது அளவு மட்டும் போதாது, உடம்பு எப்படி இருக்கும்ங்கிற முன்னறிவும் சேந்துதான் படம் வருது.

பிரபஞ்சவியல்ல இது இன்னும் கடுமை. நோயாளியைச் சுத்தி வரலாம், அண்டத்தைச் சுத்தி வர முடியாது. நாம ஒரே இடத்துல நிக்கிறோம். தூரத்து விண்மீன் மண்டலங்களோட வெளிச்சம் வர்ற வழில இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளால கொஞ்சம் கொஞ்சம் வளையுது, அந்த வளைவு ஒரு பார்வைக்கோட்டுல இருக்கிற மொத்தப் பொருளோட நிழல் மாதிரி. ஆனா ஒரே கோணம்! அதனால மண்டலங்களோட தூரத்தை வச்சு அடுக்கு அடுக்கா பிரிக்கிறாங்க, முன்னறிவு நிறைய சேக்கிறாங்க. எவ்வளவு சேக்கலாம், எங்க சேத்தா நம்மளே நம்மளை ஏமாத்திக்கிறோம்ங்கிறதுதான் எங்க வேலை.

2000க்கு அப்புறம் கான்டேஸ், ரோம்பர்க், டாவ், டோனோஹோ செஞ்ச வேலையைப் பாருங்க. அவங்க சோதனைப் படம் உங்க தம்பி லேப்டாப்ல இருந்த அதே நீள்வட்டத் தலைதான். வெறும் 22 கோட்டு அளவை வச்சு அந்தப் படத்தை அப்படியே மீட்டுக் காட்டினாங்க, படத்துல பெரும்பாலான இடம் சமதளம்ங்கிற ஒரே முன்னறிவை வச்சு. இன்னைக்கு எம்ஆர்ஐல வேகமா எடுக்கிறதுக்கு அந்தக் கணக்கு வந்துருச்சு, சின்னக் குழந்தை மூச்சை அடக்கிட்டு இருக்க வேண்டிய நேரம் குறையுது. அதே கணக்கை ரேடியோ தொலைநோக்கிப் படங்களுக்கும் பயன்படுத்துறாங்க, ஏன்னா எம்ஆர்ஐ அளக்கிறதும் ஆன்டெனா ஜோடிகள் அளக்கிறதும் ரெண்டுமே படத்தோட ஃபூரியே புள்ளிகள்தான்.

முன்னறிவு தப்பா இருந்தா சமதளம்னு நினைச்சு ஒரு சின்னக் கட்டியை மழுக்கி விட்டுரும். அதனால டாக்டர் சார் மாதிரி ஆளுங்க எங்ககிட்ட கேள்வி கேட்டுட்டே இருக்கணும். தம்பிகிட்ட என் கேள்வி ஒண்ணு குடுங்க: ராம்-லாக் எண்கள் எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் முடிவில்லாம கூட்டினா என்ன வரும்? ஏன் அப்படி வரணும்?


நெல்லை_செல்வி
மறுநாள் ராத்திரி 10.30

ரெண்டு விஷயம் சொல்லிட்டுப் போறேன்.

இன்னைக்குக் காலைல மெஷினுக்கு தினசரி தண்ணி ஃபேன்டம் (சோதனைக்கு வைக்கிற தண்ணி நிறைச்ச உருளை) செக் பண்ணும்போது, ஒரே டேட்டாவை ரெண்டு கெர்னல்ல போட்டுப் பாத்தேன், இத்தனை வருஷத்துல இந்த எண்ணத்தோட பாத்தது இதான் முதல் தடவை. தண்ணி ரெண்டுலயும் பூஜ்யம் பக்கத்துலயே நின்னுச்சு. ஆனா எஸ்டி (மதிப்புகள் எவ்வளவு சிதறுதுங்கிற அளவு) சாஃப்ட்ல 4 சொச்சம் இருந்தது ஷார்ப்ல 40ஐ நெருங்கிடுச்சு. வாத்தி சார் சொன்ன மணலை கண்ணால எண்ணிப் பாத்தேன்.

ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் மேட்சயின்ஸ் தங்கச்சி கேள்வியை தம்பிகிட்ட குடுத்தேன். தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு பின்னாடி போட ஆரம்பிச்சான். ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு வரைக்கும் ரெண்டு பக்கமும் கூட்டினப்பவே 0.237 வந்துச்சு. அப்புறம் ஒற்றைப்படை வர்க்கங்களோட தலைகீழ் எல்லாம் கூட்டினா பை வர்க்கம் கீழ் எட்டுன்னு எப்பவோ படிச்சது ஞாபகம் வந்து, ரெண்டால பெருக்கி பை வர்க்கத்தால வகுத்தான், சரியா 1/4. நடுவுல இருக்கிற 1/4ஐ மொத்தமா தின்னுருது, மிச்சம் பூஜ்யம். அதனாலதான் சமமா இருக்கிற மங்கல் தானா அழியுதுன்னு சத்தமா கத்திட்டான்.

சத்தம் கேட்டு அப்பா எந்திரிச்சு வந்தாரு. என்னடான்னு கேட்டாரு. தம்பி அந்தத் தாளைக் காட்டி ஊட்டி மலைல இருந்து ஆரம்பிச்சான். மணி பத்தரை, இன்னும் ரெண்டு பேரும் திண்ணைலதான் இருக்காங்க, அப்பா நிலாவைக் காட்டி ஏதோ கேட்டுட்டு இருக்காரு.